மூன்று கட்டங்களில் ஒரு குடும்பம்

என் முதல் ஆன்லைன் கிளையன்ட்டின் முகத்தை நான் மூன்று வாரம் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஒரு மின்விசிறி.

இருபத்திரண்டு வருஷம் சேலத்தில் ஒரு பள்ளியில் கவுன்சிலராக இருந்தவள் நான். என் அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு மேஜையும் இருக்கும். எதிரே உட்காரும் பிள்ளை காலை ஆட்டுகிறதா, நகத்தைக் கடிக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு, குடும்பப் பிரச்சனைகளுக்கு வீடியோ காலில் ஆலோசனை தரும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்தேன். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் கிளினிக். பக்கத்து வீட்டில் தறி ஓடும். முதல் நாள் காலையில் என் கணவர் கதவில் "மீட்டிங் நடக்கிறது, மணி அடிக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினார். ஒட்டிவிட்டு, நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று கேட்க மூன்று முறை கதவைத் தட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "திரையில் பார்த்து எப்படி மேடம் ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்வது?" என்பதுதான். அதற்குப் பதிலாக அந்த முதல் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மின்விசிறி

அழைத்தவர் பூங்கொடி. எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். போனை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பேசினார். எனக்குத் தெரிந்தது ஓட்டுக்கூரையும் அதில் தொங்கிச் சுற்றும் மின்விசிறியும்தான்.

"போனைக் கொஞ்சம் நிமிர்த்தி வைங்கம்மா, உங்களப் பாக்க முடியல."

"மூஞ்சியப் பாத்துட்டுப் பேசுனா எனக்கு வார்த்தையே வராதுங்க மேடம். இப்படியே பேசறனுங்க."

முதல் நாளிலேயே கட்டாயப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாற்பது நிமிஷம் மின்விசிறியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு. ராசிபுரம் தாண்டி ஒரு ஹாஸ்டல் பள்ளியில் அந்த வருஷம்தான் சேர்த்திருந்தார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து போனவள் பத்தே நாளில் ஓடிவந்துவிட்டாள். கொண்டுபோய் விட்டார்கள். மறுபடி ஓடிவந்தாள். முதல் தடவை பஸ்ஸில். இரண்டாம் தடவை, பள்ளி வாசலில் தெரிந்த முட்டை வண்டி ஒன்று வர, டிரைவரிடம் "அம்மா வரச் சொன்னாங்க" என்று பொய் சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்து சொகுசாக வந்து இறங்கியிருக்கிறாள். இப்போது இரண்டு வாரமாக எந்தப் பள்ளிக்கும் போகாமல் வீட்டில் இருக்கிறாள்.

"அங்க யாராவது அடிச்சாங்களா, திட்டுனாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சோறு நல்லா இருக்குதுங்கறா. டீச்சருங்கல்லாம் தங்கமானவங்கங்கறா. ஆனா போவமாட்டேன்னு ஒரே புடியா நிக்கறாளுங்க."

அப்போது திரையில் இன்னொரு கட்டம் தோன்றியது. பூங்கொடியின் கணவர் லோகநாதன். போர்வெல் போடும் ரிக்கு வண்டியில் பங்குதாரர், அவரே ட்ரில்லரும் கூட. மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு கடலைக்காட்டில் நின்றுகொண்டிருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் அவருக்கு அங்கேதான். முகம் முழுக்கப் பாறைத்தூள். பின்னால் கம்ப்ரஸர் போட்ட இரைச்சலில் என் மேஜையே அதிர்வது மாதிரி இருந்தது.

"வணக்கமுங்க மேடம்!" என்று கத்தினார். பிறகு முகத்தைச் சுளித்து, "உங்க பக்கம் என்னங்க அது சத்தம்? தறிங்களா? சரியாவே கேக்கலீங்க!" என்றார்.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். ஹாஸ்டலுக்குப் போன்னு நீங்க எடுத்துச் சொல்லோணும். நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பா. அவ்ளோதான் வேல."

அவர்கள் என்னிடம் கேட்டது ஒரு அதட்டல் மட்டும்தான். அதைக் கொஞ்சம் நாகரிகமாகப் போட வேண்டும், அவ்வளவே. யாழினியிடம் தனியாகப் பேசிவிட்டுத்தான் எதையும் சொல்வேன் என்றேன். "பேசுங்க, பேசுங்க" என்று கையை ஆட்டிவிட்டுக் கட்டத்தோடு மறைந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால்

யாழினி போனை ஒழுங்காக நிமிர்த்தி வைத்தாள். இரட்டைச் சடை, நெற்றியில் ஒரு பொட்டு, அசையாத முகம்.

"ஹாஸ்டல்ல எது புடிக்கலை கண்ணு?"

"எல்லாம் புடிச்சிருக்கு."

"அப்ப ஏன் வந்தே?"

"சும்மா."

"படிப்பு கஷ்டமா இருக்கா?"

"இல்ல."

கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பள்ளியில் என் அறைக்கு வந்து பேசாத பிள்ளையே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டவள் நான். வேர்த்துவிட்டது. அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து நின்றது.

"அம்மா கதவு பின்னாடி நிக்குது."

முகம் என்னைப் பார்த்தபடி இருக்க, விரல் மட்டும் கீழே தட்டியிருக்கிறது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. என் பழைய அறைக்குக் கதவு இருந்தது, நானே தாழ் போடுவேன். இங்கே அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு செஷனையும், "போனை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க, யாராவது கூட இருக்காங்களா?" என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அந்தச் செய்திக்குப் பதிலாக, "உனக்குப் பேச வசதியான இடம் எது?" என்று தட்டினேன்.

"தீவன குடோன். அங்க ஒரு மூலையில டவர் கிடைக்கும்."

பிறகு பூங்கொடியைக் கூப்பிட்டு, மகள் என்னிடம் தனியாகப் பேசினால்தான் பலன் இருக்கும் என்று நேராகவே சொன்னேன். மின்விசிறியைக் காட்டியபடியே, "சரிங்க" என்றார்.

அடுத்த செஷன் தீவன மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன், யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். யாழினி மக்காச்சோள மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் வேறு பிள்ளை. கோழிகளைப் பற்றிப் பேசினாள். கரண்ட் போனால் ஷெட்டில் எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் வாயை மூடிவிடும், அதுதான் தனக்குப் பயமாக இருக்கும் என்றாள். தண்ணீர்க் குழாயில் அடைப்பு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பண்ணையில் இத்தனை வேலை தெரிய வேண்டுமா என்று எனக்குள் ஒரு யோசனை ஓடியது.

"நீ ஹாஸ்டல்ல இருந்த அந்தப் பத்து நாளு இதெல்லாம் யாரு பாத்தா?"

"அம்மாதான். வேலைக்கு ரெண்டு பேர் வருவாங்க, சாயங்காலம் போயிருவாங்க."

"அம்மா சமாளிச்சுக்கறாங்கல்ல?"

"சமாளிக்கும். ஆனா விழுந்தா யாரு தூக்கறது?"

கேட்டுவிட்டு, வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நான் அவசரப்படவில்லை. அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். காலாண்டு விடுமுறையில் ஒருநாள் முட்டை பொறுக்கப் போன அம்மா ரொம்ப நேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால் கூண்டு வரிசைக்கு நடுவில் விழுந்து கிடந்திருக்கிறார். பேச்சில்லை. தண்ணீர் தெளித்து எழுப்பியவள் இவள்தான். நாமக்கல்லில் டாக்டரிடம் கூடப் போனவளும் இவள்தான். கர்ப்பப்பையில் கட்டி, மாசக்கணக்கில் ரத்தப்போக்கு, உடம்பில் ரத்தமே இல்லை, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூங்கொடி மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் சீசனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நான் சத்தியம் பண்ணிட்டேன். அதான் சொல்லாம வந்துட்டேன்" என்றாள்.

நான் கெட்டவளான கதை

இங்கேதான் என் வேலை சிக்கலானது. குழந்தை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கூடாது. படிக்கும்போது இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே பிள்ளையின் முகத்தில் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

"யாழினி, இதை நான் எனக்குள்ளயே வெச்சுக்க முடியாதும்மா. அம்மாவுக்கு வைத்தியம் நடந்தாகணும். ஆனா உனக்குத் தெரியாம, உன் முதுகுக்குப் பின்னாடி எதுவும் பண்ணமாட்டேன்."

அவள் முகம் இறுகிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னுதான சொன்னீங்க?"

"உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்னும் முதல்லயே சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"நீங்களும் மத்த பெரியவங்க மாதிரிதான்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

பள்ளி அறையாக இருந்தால் எழுந்து பின்னாலேயே போயிருப்பேன். இங்கே கறுத்துப்போன திரையில் என் முகம்தான் தெரிந்தது. ஒரு செய்தி அனுப்பினேன்: "வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவிடம் நான் பேசியாக வேண்டும். அதை எப்படிப் பேசுவது என்று நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணலாம்." பதில் இல்லை. அதற்குள் அம்மாவுக்கு மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், பிறகு என்னைக் கூப்பிட வேண்டும் என்று இன்னொரு செய்தி. அதற்கும் பதில் இல்லை. படித்துவிட்டாள் என்பதற்கான நீல டிக் மட்டும் வந்தது.

அந்த இரண்டு நாளும் நான் போனைக் குளியலறை வாசல்வரை எடுத்துக்கொண்டு போனேன். தோசைக்கல்லில் இரண்டு தோசை கருகியது. "ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் என் கணவர்.

வியாழக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது.

"அப்பாகிட்ட நானே சொல்றேன். நீங்க கூட இருங்க. அம்மா திட்டுனா நீங்க பேசணும்."

அன்று சாயங்காலமே பூங்கொடியை அழைத்தேன். மகள் நாளைக்கு உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு விஷயம் சொல்லப் போகிறாள், உங்கள் உடம்பைப் பற்றித்தான், அவளைத் தடுக்காதீர்கள் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சொல்லிட்டாளுங்களா?" என்றார், ஏதோ பாரத்தைக் கீழே வைத்தவர் மாதிரி.

கம்ப்ரஸர்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. திரையில் நான் போக மூன்று கட்டங்கள். ஒன்றில் மின்விசிறி. ஒன்றில் தீவன மூட்டைமேல் யாழினி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவும் மகளும் வேறுவேறு போனில். மூன்றாவதில் ரிக்கு வண்டியின் ஓரத்தில் லோகநாதன். பின்னால் துளையிலிருந்து வெள்ளைத் தூள் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் முழு வேகத்தில்.

"என்ன முடிவு பண்ணீட்டா? திங்கக்கெழம ஹாஸ்டலுக்குப் போறாளுங்களா?"

"யாழினி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றேன்.

"சொல்லு சாமி."

அவள் சொன்னாள். எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன சாமி? சத்தமாச் சொல்லு!"

மறுபடி சொன்னாள்.

"டவர் இல்ல போல இருக்குது. இன்னொருக்கா சொல்லு!"

யாழினி மூட்டையிலிருந்து எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "அம்மா ஷெட்டுல விழுந்துருச்சுப்பா! அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணோணும்! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு! அதான் நான் போவமாட்டேங்கறேன்!"

லோகநாதனுக்கு இந்தத் தடவை கேட்டுவிட்டது. திரும்பி, "கம்ப்ரஸர நிறுத்துடா!" என்றார்.

யாரோ ஓர் ஆள் அந்தப் பக்கமிருந்து, "அண்ணா, பாதி போர்ல நிக்குது, இப்ப நிறுத்துனா ஹேமர் குழிக்குள்ள மாட்டிக்கும்ணா" என்று பதறினார்.

"மாட்டுனா மாட்டட்டும். நிறுத்துங்கறேன்!"

சத்தம் நின்றது. அந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்திலிருந்து காற்று வீசுவதும் எங்கோ மாட்டு மணி ஆடுவதும் கேட்டன.

"பூங்கொடி" என்றார். கத்தாமல் பேசும்போது அவர் குரல் இத்தனை சன்னமானதா என்று எனக்கு ஆச்சரியம். "போன எடுத்து மூஞ்சியக் காட்டு."

"ஒண்ணுமில்லீங்க, புள்ள பயந்துட்டு என்னமோ…"

"காட்டு."

மின்விசிறி சாய்ந்தது. ஓடு, சுவர், காலண்டர் என்று திரை ஆடிவிட்டு ஒரு முகத்தில் வந்து நின்றது. உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். சிரிக்க முயன்றார்.

"நான் வீடியோ கால் போட்டா எனக்குக் கோழியத்தான் காட்டுவாங்க மேடம்" என்றார் லோகநாதன் என்னிடம். "இந்தப் பேட்சு நல்லாருக்குது பாருங்க, தீவனம் நல்லாத் திங்குது பாருங்கன்னு. நானும் நாலு மாசமாக் கோழியவே பாத்துட்டு இருந்திருக்கறேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூளைத் துடைத்தாரா, கண்ணையா என்று தெரியவில்லை.

"சாயங்கால வண்டிக்குக் கெளம்பி ஊட்டுக்கு வாரேன்."

"ஏனுங்க, சீசன் நேரத்துல போரப் பாதியில போட்டுட்டு…"

"போரு கெடக்குது பூங்கொடி."

நான் அந்தச் செஷனில் பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். கொடுத்த வாக்குப்படி யாழினிக்காக வாதாட எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். திட்ட யாரும் இல்லாததால் அது வீணாகப் போயிற்று.

மூன்று கேள்விகள்

அடுத்த வாரமே ரத்தம் ஏற்றி, பத்து நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. பூங்கொடி நல்லபடியாக வீடு திரும்பினார். இரண்டு மாதம் லோகநாதன்தான் பண்ணையைப் பார்த்தார். எழுநூறு அடியில் பாறையை உடைக்கிற மனுஷனுக்கு முட்டை அட்டையை அடுக்கத் தெரியவில்லை என்று யாழினி எனக்குப் படத்தோடு செய்தி அனுப்பினாள். ஹாஸ்டல் பேச்சை அவர்களாகவே எடுத்தார்கள். இந்த வருஷம் நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கட்டும், பிறகு அவள் இஷ்டம் என்று முடிவானது. பண்ணைக்கு இரவும் தங்குகிற மாதிரி ஒரு குடும்பத்தை வேலைக்கு வைத்தார்கள். "இனி உன் வேலை படிக்கறது மட்டும்தான், என்னைப் பாத்துக்கறது இல்ல" என்று பூங்கொடி ஒரு செஷனில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார். யாழினி தோளைக் குலுக்கினாள். ஆனால் அன்றைக்குத்தான் அவள் என்னிடம் கணக்கு டீச்சரைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தாள். பதினான்கு வயதுக்கு உரிய முதல் புகார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்தக் குடும்பத்துக்குப் பிறகு என் பழக்கம் ஒன்று மாறியது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பதை விட்டுவிட்டேன். வீட்டில் உனக்கு யாரைப் பற்றிக் கவலை என்று கேட்கிறேன். எல்லா நேரமும் அதில் பதில் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது பெரும்பாலும் அம்மா அப்பாவுக்கே தெரியாத பதிலாக இருக்கிறது.

லோகநாதன் ரிக்குக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் தனியாக நேரம் கேட்டார். என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். வண்டியை விட்டு ரொம்ப தூரம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றியிருந்தார்.

"ஊட்ல எல்லாம் நல்லா இருக்கறாங்க மேடம். எனக்குத்தான் ஒரு சந்தேகமுங்க." தயங்கினார். "பொண்ணுகிட்டப் பேசறப்ப சாப்டியா, படிச்சியா, அம்மா எங்க, இந்த மூணு கேள்வி கேட்டு முடிச்சா அப்பறம் எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க. அவளும் ம், ம்ங்கறா. வெச்சுடறோம். மத்த அப்பனெல்லாம் என்னங்க பேசறாங்க?"

அதற்கான பயிற்சிகள், கேள்விப் பட்டியல்கள் எல்லாம் என்னிடம் ஒரு ஃபைல் நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதைத் திறக்கத் தோன்றவில்லை.

"கேள்வி கேக்காதீங்க. இன்னைக்கு உங்களுக்கு என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எனக்கென்னங்க நடக்குது? ஓட்டை போடறது. கல்லு வருது, மண்ணு வருது. அதையெல்லாம் அவ கேப்பாளுங்களா?"

"சொல்லிப் பாருங்க."

நம்பிக்கையில்லாமல்தான் போனார். நானும் அதை ஒரு சாதாரண யோசனையாகத்தான் சொன்னேன். மற்றவர்களைப் பேச வைப்பதுதான் என் தொழில் என்று இருபத்திரண்டு வருஷம் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒரு வீட்டில் யாராவது ஒருத்தர் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும் என்பதை இந்த மனுஷருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கம்ப்ரஸர் சத்தத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. காதில் வைத்து மூன்று தடவை கேட்டேன்.

"மேடம், நேத்து அவளே போன் பண்ணுனாளுங்க. எடுத்த ஒடனே கேக்கறா, 'அப்பா, நேத்து நானூறு அடியில கருங்கல்லு வந்துச்சுன்னீங்களே, அதுக்கப்பறம் தண்ணி வந்துச்சா இல்லியா?'ன்னு."